நஸீமா டீச்சர் வாங்கிய இருநூற்றுப் பதினான்கு சம்மதம்

என் கடையில் இதுவரை முப்பத்தேழு ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, அட்டை கட்டி, முதுகில் தங்க எழுத்து பதித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் முப்பத்தாறை நான் படித்ததில்லை. கை பாட்டுக்குத் தட்டும், மனசு வேறு எங்கேயாவது கிடக்கும். படித்தது ஒன்றே ஒன்று. அதை எழுதிய நஸீமா டீச்சரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். முறைப்படி டாக்டர் நஸீமா என்று சொல்ல வேண்டும். அவரே அந்த டாக்டரைச் சொல்லிக்கொள்வதில்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

என் பெயர் சுடலைராஜ். கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங் கடை. படித்தவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. கடைசி நாளில் ஓடிவந்து, நேற்றே முடித்திருக்க வேண்டிய வேலையை இன்றைக்கே கொடு என்று கழுத்தைப் பிடிப்பவர்கள்தான் அவர்களில் பாதிப்பேர். மீதிப்பேர், யாரோ எழுதியதைக் கொண்டுவந்து கொஞ்சம் மாற்றிப் போடுங்கள் என்று கண்ணடிப்பவர்கள். நஸீமா டீச்சர் இரண்டிலும் சேராதவர். அதனாலேயே அவர்மேல் எனக்கு மரியாதை. அதனாலேயே அவர்மேல் எனக்குக் கோபமும் உண்டு.

அவருடைய வாப்பா ஜஹாங்கீர் பாய் மார்க்கெட்டில் சாக்குக்கடை வைத்திருந்தவர். இந்தக் கரிசல் காட்டில் மிளகாய் விளைந்தாலும் உளுந்து விளைந்தாலும் மல்லி விளைந்தாலும் அள்ளிப் போடச் சாக்கு வேண்டும். பாய் கடைச் சாக்கில் கிழிசல் இருக்காது என்று பெயர். எட்டயபுரம், விளாத்திகுளம், குளத்தூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகளில் அவரைத் தெரியாத ஆள் குறைவு. பாய் போய்ச் சேர்ந்து இருபது வருஷமாகிறது. இன்றைக்கும் அந்த ஊர்களில் டீச்சர் போய் இறங்கினால், ‘சாக்குக்கடை பாய் மக வந்திருக்கா’ என்றுதான் சொல்வார்கள். கல்லூரி, பட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்.

டீச்சர் வரலாறு எம்.ஏ. முடித்துவிட்டுப் பதினொரு வருஷம் தற்காலிக விரிவுரையாளராக இருந்தார். ஒவ்வொரு ஜூனிலும் வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் போய் நிற்கிற வேலை அது. நிரந்தரம் ஆனபோது வயது முப்பத்தெட்டு. ஆனவுடனே துறையின் பெயரை ‘வரலாறும் சுற்றுலாவும்’ என்று மாற்றினார்கள். வரலாறு மட்டும் என்றால் பிள்ளைகள் சேர வருவதில்லையாம். பிஎச்.டி. இருந்தால்தான் இனிமேல் ஏறமுடியும் என்றார்கள். வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர் தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: பண்பாட்டு மரபுச் சுற்றுலாவும் உள்ளூர்ச் சமூகங்களும். நாற்பது வயதுக்கு மேல், வீட்டில் ஒரு மகளையும் மோட்டார் உதிரிபாகக் கடைக்குப் போய்வரும் கணவர் சபியுல்லாவையும் வைத்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போனார்.

அப்படித்தான் தாதன்பொட்டலுக்குப் போனது. எட்டயபுரத்தைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே. ஊருக்கு மேற்கே ஒரு பழைய கல் மண்டபம். பாதயாத்திரை போனவர்களும் மாட்டுவண்டிக்காரர்களும் தங்குவதற்காக எந்தக் காலத்திலோ யாரோ கட்டிப் போட்டது. பதினாறு தூண், நடுவில் சிலையெல்லாம் ஒன்றும் கிடையாது. தூண்களில் மீன், ஆமை, யாளி என்று செதுக்கியிருக்கும். முன்னால் பெரிய கல்தளம், கிட்டத்தட்ட ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு. டீச்சர் தூண்களைப் பார்த்தார். தளத்தைப் பார்க்கவில்லை. தளத்தில் அப்போது மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

கரிசல் மண்ணைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் இந்த மண் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதில் மிளகாயைக் கொட்டினால் பாதி வெடிப்புக்குள் போய்விடும், மீதி மண்ணேறிக் கறுக்கும். கறுத்த வற்றலை வியாபாரி கையால் தொடமாட்டான். அதனால் தாதன்பொட்டலுக்கு அந்தக் கல்தளம்தான் களம். மாசி, பங்குனி இரண்டு மாதமும் வீட்டுக்கு ஒரு கட்டம் என்று பிரித்துக்கொண்டு காயப்போடுவார்கள். ஆய்வேட்டில் இது ஒரே ஒரு வரியாக வந்திருக்கிறது: ‘மண்டப வளாகம் தற்போது உள்ளூர் மக்களால் முறையற்ற வகையில் பயன்படுத்தப்படுகிறது.’ அந்த வரியையும் நான்தான் தட்டினேன்.

டீச்சர் கேள்வித்தாள் ஒன்று தயாரித்தார். இருபது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். முழுமையாக உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி, முற்றிலும் உடன்படவில்லை என்பதில் முடியும். சித்திரை வெயிலில் வீடு வீடாகப் போய், வாசித்துக் காட்டி, சொன்ன கட்டத்தில் டிக் போட்டு, அடியில் கையெழுத்தும் வாங்கி வந்தார். இருநூற்றுப் பதினான்கு பேர். அட்டவணைகளைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு இடத்தில் என் விரல் நின்றது.

“டீச்சர், இங்கன ஒரு எண் தப்பா விழுந்திருக்கு. பன்னெண்டாவது கேள்விக்கு நூறு சதவீதம்னு இருக்கு.”

“தப்பில்ல அண்ணாச்சி. இருநூத்திப் பதினாலு பேரும் அதான் சொன்னாவ.”

“ஒரு ஆளுகூடவா மாத்திச் சொல்லல?”

“ஒரு ஆளுகூட இல்ல. நானே வீட்டுக்கு வீடு போயிக் கேட்டது. மண்டபத்தைப் பாதுகாக்கணும், வெளியூர் ஆளுக வரணும்னு அவ்வளவு ஆசையா இருக்காவ.”

அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் சீனி போதுமா போதாதா என்பதிலேயே நாலு கட்சி பிரியும். இருநூற்றுப் பதினான்கு பேர் ஒரே பேச்சா? கேட்டிருக்க வேண்டும். நமக்கென்ன, பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டிக்கொடுக்கிற ஆள்தானே என்று விட்டுவிட்டேன். டீச்சர்மேல் கோபப்படும்போதெல்லாம் இதையும் நினைத்துக்கொள்வேன்.

பட்டம் கிடைத்தது. அந்த நூறு சதவீதத்தை வைத்து டீச்சர் பதினொரு கட்டுரை எழுதினார். மைசூர், புவனேசுவரம், ஒரு தடவை கொழும்பு என்று கருத்தரங்குகளுக்குப் போனார். ‘சமூக ஏற்புடன் கூடிய மரபுச் சுற்றுலா: தாதன்பொட்டல் அனுபவம்’ என்பது மாதிரித் தலைப்புகள். அவரை இணைப் பேராசிரியராக உயர்த்தியதும் அந்த ஊர்தான். பிறகு ஒரு நாள் சுற்றுலா மேம்பாட்டுத் திட்டம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு மண்டபத்தைச் சீரமைக்கப் போகிறோம், ஆய்வேட்டின் நகல் ஒன்று தேவை என்று எழுதியிருந்தார்கள். டீச்சர் அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து வாங்கிப்போனார்.

மண்டபத்தைச் சுத்தம் செய்தார்கள். தூண்களில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். தளத்தையும் சேர்த்துச் சுற்றி ஆளுயரத்துக்குக் கம்பிவேலி போட்டார்கள், கேட்டில் பூட்டுப் போட்டார்கள், உள்ளே இரண்டு சிமென்ட் பெஞ்சு, ஒரு நீலப் பலகை. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை பார்வை நேரம். உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை. திறப்புவிழாவில் டீச்சரை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊரே திரண்டு வந்து கைதட்டியது.

அடுத்த மாசியில் ஊர்க்காரர்கள் மிளகாயை மெயின் ரோட்டில் கொண்டுபோய்க் காயப்போட்டார்கள்.

இதெல்லாம் டீச்சருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. கல்லூரியில் மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் ஆறு மாதம் படிவம் நிரப்பியே போகும். வகுப்பில் அறுபது பிள்ளைகள், அதில் பாதி தீப்பெட்டி ஆலைக்கு ஷிப்ட் போய்விட்டு வந்து தூங்கும். நிரந்தர ஆசிரியர் இருவர்தான், மற்ற பாடங்களையெல்லாம் வருஷா வருஷம் மாறும் தற்காலிக ஆட்கள் எடுத்தார்கள். என் கடைக்கு வந்தால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே இருப்பார். “அலுத்துப்போச்சு அண்ணாச்சி. என்ன செஞ்சோம்னு கேட்டா ஒரு பைல் நெறையாப் பேப்பர் இருக்கு, வேற ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்கு” என்பார். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. அது கிடைத்துவிட்டால் போதும், நிம்மதியாக வீட்டில் உட்காரலாம் என்று இருந்தார்.

அந்த நேரத்தில்தான் பழைய திட்டத்துக்காரர்கள் மறுபடி எழுதினார்கள். வேலி போட்டு இத்தனை வருஷமாயிற்று, உள்ளூர் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தொடர் ஆய்வு ஒன்று செய்து தர முடியுமா? அதை வைத்துத்தான் வேலியை அப்படியே நிரந்தரச் சுவராக்குவதா, மாற்றி அமைப்பதா என்று முடிவு செய்வார்களாம். டீச்சர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். நேர்காணலுக்கு முன்னால் இன்னொரு ஆய்வு என்றால் கூடுதல் பலம்தானே. பழைய கேள்வித்தாளையே தேதி மாற்றி, ‘மேம்படும்’ என்றிருந்ததை ‘மேம்பட்டுள்ளது’ என்று திருத்தி அடித்து வாங்கிக்கொண்டு தாதன்பொட்டலுக்குப் போனார்.

முதல் வீடு பெருமாயி வீடு. பெருமாயிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ரோட்டில் குனிந்து மிளகாயைக் கிண்டிக்கொண்டிருந்தபோது ஒரு பால் வண்டி வற்றல்மேல் வழுக்கி வந்து இடித்துத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார். டீச்சருக்கு இதுவே அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்தும், கையில் தாள் இருக்கிறதே, வாசித்திருக்கிறார். ஏழாவது வாக்கியம்: மண்டபம் சீரமைக்கப்பட்டதால் என் வாழ்க்கை மேம்பட்டுள்ளது.

“ஆமான்னு போட்டுக்கோங்க டீச்சர்” என்றாராம் பெருமாயி. “மொதக் கட்டத்துலயே போடுங்க.”

டீச்சருக்குப் பேனா ஓடவில்லை. “பெருமாயி, களம் போயி, ரோட்டுல காயப்போட்டு, கால் போயிருக்கு. எப்படி மேம்பட்டிருக்குன்னு சொல்லுதீங்க?”

“பெறகு எப்படிச் சொல்ல? நீங்க இந்த வேகாத வெயில்ல பஸ்ஸு மாறி வந்திருக்கிய. பாய் மக வேற. வீட்டுக்கு வந்து ஒண்ணு கேக்கிய, இல்லன்னு சொல்லி அனுப்பினா நல்லாவா இருக்கும்?”

“அப்போ அன்னைக்கு? மொத மொத நான் வந்தன்னைக்கு?”

“அன்னைக்கும் அதான். ஊரே பேசி வச்சுக்கிட்டோம்லா. படிப்புக்காக வந்திருக்கு பிள்ள, யாரும் மறுத்துப் பேசிராதியன்னு திருப்பதி அண்ணன் வீடு வீடாச் சொல்லிட்டுப் போனாவ. பாஸாயிட்டியல்லா?”

திருப்பதி என்பவர் ஊர்த்தலைவர். டீச்சர் அவரிடமும் போய்க் கேட்டிருக்கிறார். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தாராம். அந்தக் காலத்தில் மழை பொய்த்த ஒரு வருஷம் ஜஹாங்கீர் பாய் ஊருக்கே சாக்குக் கொடுத்துவிட்டு, விளைந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர், அவர் மகளுக்கு இதுகூடச் செய்யமாட்டோமா என்றாராம். பரீட்சை எழுத வந்த பிள்ளையைப் பாஸாக்கி அனுப்பியதாகத்தான் அந்த ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அதற்கும் கம்பிவேலிக்கும் சம்பந்தம் உண்டு என்று அவர்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. வேலி கவர்மெண்டு போட்டது, கையெழுத்து பிள்ளைக்காகப் போட்டது. அவ்வளவுதான்.

டீச்சர் நேராக என் கடைக்கு வந்தார். தலையில் போட்டிருந்த முக்காடு நழுவியது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, “என் படிப்பு, உத்தியோகம், கட்டுரை எல்லாமே அவிய போட்ட மார்க்கு அண்ணாச்சி” என்றார்.

ஒரு மாதம் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். நான்தான் தட்டினேன். இதையும் மனசு வைத்துப் படித்தேன். ‘இந்த ஆய்வாளர் முன்பு மேற்கொண்ட கணக்கெடுப்பின் முடிவுகள் பிழையானவை. விருந்தினரை மறுத்துப் பேசாத வழக்கத்தை ஆய்வாளர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். கல்தளம் இந்த ஊரின் களம். வேலியைத் தூண்கள் வரை மட்டும் உள்ளே தள்ளி அமைத்து, தளத்தை ஊருக்குத் திருப்பித் தர வேண்டும்.’ தட்டி முடித்ததும் நான் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

“டீச்சர், தளத்தைத் திருப்பித் தரணும்னு எழுதுங்க, சரி. நீங்க செஞ்சது தப்புன்னு எதுக்கு எழுதுதீங்க? அடுத்த மாசம் நேர்காணல். இதப் பாத்தா உங்களுக்கு யாரு பதவி குடுப்பா?”

“அதை எழுதாம இதை எழுத முடியாது அண்ணாச்சி. நூறு சதவீதம் வேலி வேணும்னு ரெக்கார்டு இருக்கு. அந்த ரெக்கார்டு நான்தான். அது நிக்கிற வரைக்கும் வேலியும் நிக்கும்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த உலகத்தில் பொய்யை எழுதிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் எத்தனை பேர்! அதில் ஒருவனுக்கும் தூக்கம் கெட்டதில்லை. தெரியாமல் செய்த பிழைக்கு இந்த மனுஷி, ஓய்வுபெறும் நேரத்தில், தன் கழுத்தில் தானே அட்டை எழுதி மாட்டிக்கொள்கிறார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அறிக்கை போனது.

அதன்மேல் ஊரில் வைத்தே ஒரு கூட்டம் போட்டார்கள், போன மாசி மாதம். மக்கள் முன்னிலையில் அறிக்கையை வாசித்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, அன்றைக்கே முடிவெடுப்பதாக ஏற்பாடு. அறிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் அறுபது பிரதி எடுத்திருந்தேன். கட்டைத் தூக்கிக்கொண்டு டீச்சரோடு நானும் பஸ் ஏறினேன். மெயின் ரோட்டில் இறங்கியபோது ரோட்டின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாக வற்றல் காய்ந்தது. லாரிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. டீச்சர் ஓரத்தில் நின்று அதையே பார்த்தார். “இன்னைக்கு அவிய வாயால வேண்டாம்னு ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும், கேட்டைத் திறந்துவிட்டிருவாங்க” என்றார். முந்தின வாரமே வீடு வீடாகப் போய், உள்ளதைச் சொல்லுங்கள், யாருக்காகவும் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தார். எல்லாரும் சரி டீச்சர், சொல்லுதோம் டீச்சர் என்றிருக்கிறார்கள்.

சமுதாயக்கூடத்தில் பதினொரு மணிக்குக் கூட்டம். வந்திருந்த அதிகாரி இளவயசுக்காரர், மரியாதையான ஆள்தான். டீச்சரைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். சுருக்கத்தை வாசித்தார். வாசித்துவிட்டு, பதிவுக்காக ஒரு விளக்கம் வேண்டும் என்றார்.

“மேடம், அப்போ நீங்க டாக்டர் பட்டம் வாங்கின ஆய்வுல இருக்கிறது பொய்யான தகவலா?”

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் கேட்ட விதம் கூடத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டீச்சர் எழுந்து நின்றார். “தப்பான தகவல். ஆமா. நான்தான் பொறுப்பு” என்றார்.

“அப்படின்னா பல்கலைக்கழகத்துக்கும் நாங்க எழுத வேண்டியிருக்கும் மேடம்.”

“எழுதுங்க.”

முதலில் எழுந்தவர் திருப்பதி. “சார், டீச்சர் ஒண்ணும் பொய் எழுதல. நாங்க சொன்னதைத்தான் எழுதினாவ” என்றார். அவரை முந்திக்கொண்டு பெருமாயி, காலை இழுத்து இழுத்து நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் வந்துவிட்டார். அவ்வளவு கோபம்.

“ஐயா, யாரைப் பாத்துப் பொய்யிங்கிய? அவிய யார் மகன்னு தெரியுமா ஒங்களுக்கு? இந்த ஊர்ல ஒரு வீடு விடாம நடந்து வந்து கேட்டாவ. இருநூத்திப் பதினாலு பேரும் சம்மதம்னு சொன்னோம். இன்னைக்கும் சொல்லுதோம். வேலி நல்லதுதான். மண்டபம் சுத்தமா இருக்கு.”

“பெருமாயி, உட்காருங்க” என்று டீச்சர் கும்பிடாத குறையாகக் கேட்டார். “எனக்காகப் பேசாதீங்க. களத்தைச் சொல்லுங்க. உங்க காலைச் சொல்லுங்க.”

“காலு என் கவனக்கொறவு டீச்சர். வண்டி வாரதப் பாக்காம குனிஞ்சு நின்னேன். அதுக்கும் வேலிக்கும் என்ன?”

அதிகாரி குழம்பிப்போனார். முன்பு டீச்சர் எடுத்த கணக்கு சரி என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். மொத்தக் கூடமும் கையைத் தூக்கியது. மிளகாய் கிண்டிச் சிவந்த கைகள். சில பெண்கள் இரண்டு கையையும் தூக்கினார்கள். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. உங்களுக்குப் பைத்தியமா, இந்த மனுஷி உங்களுக்காகத்தான் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார், ஒரு தடவையாவது இல்லை என்று சொல்லித் தொலையுங்களேன் என்று. நான் கத்தவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தால் கத்த முடியாது. நம் வீட்டுப் பெண்ணை யாரோ சபையில் திருடி என்று சொல்லிவிட்ட மாதிரி துடித்துப்போயிருந்தார்கள்.

அதிகாரி எழுதினார். முந்தைய கணக்கெடுப்பு செல்லும். மக்கள் வேலியை ஒருமனதாக ஆதரிக்கிறார்கள். நிரந்தரச் சுவருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. எழுதிவிட்டு, “உங்களுக்கும் நல்லதாப் போச்சு மேடம், இனி யாருக்கும் எழுத வேண்டியதில்லை” என்று சொல்லி, நிபுணர் உறுப்பினர் என்ற இடத்தில் கையெழுத்துக்காகத் தாளைத் தள்ளினார்.

யோசித்துப் பார்த்தால், டீச்சர் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்குப் பேராசிரியர். ஊரே சேர்ந்து அவருக்கு அதைத் தட்டில் வைத்து நீட்டியது. டீச்சர் தாளை வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், ‘இந்தத் தீர்மானம் உண்மைக்கு மாறானது. எனக்குச் சம்மதம் இல்லை’ என்று எழுதி, அதன் கீழே பெயரைப் போட்டார். அதிகாரி அதை உரக்க வாசித்தார். அப்படியானால் இது முடிவாகாது, மேலிடத்துக்குப் போய்த்தான் வரும், எத்தனை மாதமாகுமோ என்று சலித்துக்கொண்டே பைலைக் கட்டினார்.

கூட்டம் கலைந்தது. வழக்கமாக டீச்சர் வந்தால் நாலு வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஒருவரும் கிட்டே வரவில்லை. திருப்பதி மண்ணைப் பார்த்துக்கொண்டு நடந்துபோனார். டீச்சர் பெருமாயியைத் தேடிப்போனார். பெருமாயி கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பெருமாயி, கோவமா?”

“உண்மைக்கு மாறானதுன்னு எழுதினியளாமே.”

“உண்மை இல்லைதானே? உங்க களம் உங்களுக்கு வரணும்னுதான் எழுதினேன்.”

“நாங்க அம்புட்டுப் பேரும் ஒத்துமையாக் கை தூக்கி ஒங்க மானத்தைக் காப்பாத்தினோம். நீங்க ஒத்தையாளா அந்த வெளியூர்க்காரர் முன்னால எங்களையெல்லாம் பொய்யங்கன்னு எழுதிக் குடுத்திட்டிய.” பெருமாயி டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒங்க வாப்பா எங்களை ஒரு நாளு ஒரு வார்த்தை சொன்னதில்ல.”

“பெருமாயி...”

“வேண்டாம் டீச்சர். இனிமே நீங்க எங்க ஊருக்கு வராதிய.”

பெருமாயி காலை இழுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார், வற்றலைக் கிண்டிவிட நேரமாகிவிட்டது. நான்தான் டீச்சரின் பையை எடுத்துக்கொண்டு, வாங்க போவோம் என்றேன். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெருமாயி குனிந்து வேலை பார்த்தார், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை வருசமா இந்த ஊர்ல நான் கேட்ட எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொல்லியிருக்காவ அண்ணாச்சி” என்றார் மெதுவாக. “இன்னைக்கு ஒண்ணுதான் மனசுல உள்ளதைச் சொன்னது.”

அதற்குப் பிறகு அவர் அழுதார். பஸ் வந்தது, ஏறினோம்.